அச்சு மை பட்ட விரல்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன்னை நினைத்து மூக்கைச் சிந்துவதுதான் குறையவில்லை. அங்கே புது ஆஸ்பத்திரியில் வேலை அதிகமா? வேளைக்குச் சாப்பிடு.

நம் தெருக்கோடி பிரசவ ஆஸ்பத்திரியைப் போன மாதம் பூட்டிவிட்டார்கள். சலவைக்காரர் மகளுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவிலேயே பிள்ளை பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தது நம் நல்ல நேரம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதைப் பூட்ட விடக்கூடாது என்றுதானே நர்ஸ் வேலையை விட்டுவிட்டுக் கவுன்சிலர் தேர்தலில் நின்றாய்? ஏழு ஓட்டில் தோற்றாய். "ஊரே கைவிட்டாலும் என் அண்ணன் கைவிடலை" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். படித்ததும் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

குட்டிம்மா, நான் ஓட்டுப் போடவில்லை.

யார் ஜெயித்தாலும் முடிவு வந்த அரைமணியில் நன்றி போஸ்டர் சுவரில் ஏற வேண்டும். அதனால் நிற்கிற இரண்டு பேருக்கும் முன்கூட்டியே அடித்து வைப்பது எங்கள் பிரஸ் வழக்கம். ஓட்டு அன்று உன்னுடையதை முடித்துவிட்டு எதிராளியுடையதை மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தோம். வேலைக்காரர்கள் ஒன்பது பேரும் நம் வார்டுதான். மதியம் வந்து, "ஓட்டுப் போட்டுட்டு ஓடி வந்துடறோம் முதலாளி" என்றார்கள். "அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு, முடிச்சிட்டு சேர்ந்தே போலாம். நம்ம பத்து ஓட்டுலயா கவுந்துடப் போகுது?" என்று அதட்டினேன். நாலு மணிக்கு மெஷினில் காகிதம் சிக்கியது. அதை எடுத்து முடித்து நாங்கள் ஓடிப்போய் நின்றபோது மணி ஐந்தைத் தாண்டி, பள்ளிக்கூட கேட்டைச் சாத்திவிட்டார்கள். காவலரிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர் மசியவில்லை.

அன்று சாயங்காலம் நீ பிரஸ்ஸுக்கு வந்து என் விரலைப் பிடித்துப் பார்த்து, "அண்ணன் ஓட்டு உறுதி" என்று சிரித்தாய். அது அச்சு மை, குட்டிம்மா. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தால் போய்விடும். பாவி, வாயைத் திறக்காமல் நின்றேன். நீ தோற்றதும், ஜனங்களுக்கு அக்கறையே இல்லை என்று தெருவெல்லாம் கத்தியவனும் நான்தான். பிழை திருத்துகிற நம் பூதக்கண்ணாடிப் பெரியவர் இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

ஜெயித்தவர் வேறு பதவிக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் மறுபடி தேர்தல். அன்று பிரஸ்ஸுக்கு விடுமுறை என்று கதவில் இப்போதே ஒட்டிவிட்டேன். பட்டியலில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று நானே போய்ப் பார்த்தேன். உன் பெயரும் இருக்கிறது, என் பெயருக்குக் கீழே.

வேட்புமனு கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். எந்த முகத்தோடு உன்னை வா என்று கூப்பிடுவேன்? உன் படம் போட்ட நன்றி போஸ்டர் கட்டு என் மேஜைக்கு அடியில் அப்படியே கிடக்கிறது. எடைக்குப் போட மனசு வரவில்லை. திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு.

வந்தாலும் வராவிட்டாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். ஓட்டு அன்று காலை வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். விரலை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் போவேன்.

மன்னித்துவிடு என்று கேட்கத் தைரியமில்லாத
உன் அண்ணன்