நீர் எழும்பாத அந்தக் கதிரை

இன்று காலை ஸ்பிரிங்வேலில், வியட்நாம்காரியின் மரக்கறிக் கடையில், உம்முடைய இலை கிடந்தது. நீளமாக, ஓரமெல்லாம் பல்லுப்பல்லாக, கொத்தமல்லியை விட நாலு மடங்கு மணத்தோடு. ஒரு கட்டை எடுத்து முகர்ந்தேன். மணத்தோடு கோபமும் வந்தது. செத்து ஒரு வருடமான மனுஷியோடு கடையில் நின்று சண்டை பிடிக்கிறவள் இந்த மெல்பேர்னில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாங்காமல் கார் வரைக்கும் வந்து, திரும்பிப் போய் வாங்கினேன். இப்போது குசினி மேசையில் கிடக்கிறது. வீடு முழுக்க உம்முடைய மணம்.

"இது எங்கட டிரினிடாட் கொத்தமல்லி. இது போடாட்டி அங்க மீன் தொண்டைக்குள்ள இறங்காது," என்பீர். எங்கட என்று நீர் சொன்னது பிறந்த மன்னாரை இல்லை, அந்தத் தீவை. உம்முடைய மனிசன் அங்கே ஆஸ்பத்திரி டாக்டர். பதினொரு வருடம் இருந்தீர்கள். டாக்டர் பெண்சாதி என்று வீட்டில் குந்தியிருக்காமல், உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பெண்களை நிறுத்துகிற ஒரு சிறிய குழுவில் போய்ச் சேர்ந்தீர். இந்திய வம்சாவளிப் பெண்களும் ஆபிரிக்க வம்சாவளிப் பெண்களும் ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறிய கதையை, இங்கே நம்முடைய தமிழ்ச் சங்கத்தின் விழாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே எனக்குச் சொன்னீர். நாம் சிநேகிதமானதே அந்த வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில்தான்.

அந்த ஊர்க் கட்சிகளைப் பற்றி நீர் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறதா? மகளிர் அணி என்று ஒன்றை வைத்து, கூட்டத்துக்குச் சமைக்க விட்டுவிடுவார்களாம். தப்பித் தவறி ஒருத்தி சபைக்குள் போய் வாய் திறந்தால், தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவாராம். அதற்காக நீங்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தீர்கள். ஒருத்தி பேசி முடித்த உடனே இன்னொருத்தி எழும்பி, முதலில் அவளுடைய பெயரைச் சொல்லி, அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, ஆமோதிக்க வேண்டும். பிடிக்காதவளாக இருந்தாலும் எழும்ப வேண்டும். "ஒருத்தி எழும்பினா மற்றவள் கதிரையில இருக்கக் கூடாது. அவ்வளவுதான் எங்கட சட்டம்," என்றீர்.

அண்ணனுடைய வீட்டில் ஒண்டியிருந்த ஒருத்தி, அவருக்கு விரோதமாக நான் எப்படித் தேர்தலில் நிற்பது என்று அழுதாளாம். நீர் அவளிடம் சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னீர்: "வீடு அவற்ற. வாய் உங்கட." அதைக் கேட்டு நான் வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தேன்.

நம்முடைய சங்கத்தின் விதி உமக்குத் தெரியும். அங்கத்துவம் குடும்பத்துக்கு ஒன்று, வாக்கும் ஒன்று. பெண்கள் பேசலாம், பிரேரணை கொண்டு வரலாம், எத்தனை அண்டா சாம்பாரும் வைக்கலாம். ஆனால் வாசலில் கொடுக்கிற மஞ்சள் வாக்கு அட்டை ஆம்பிளையின் கையில். எனக்குப் பிடிக்காத திட்டங்களுக்கெல்லாம் என் பக்கத்திலேயே இருந்துகொண்டு என்னுடைய மனிசன் அந்த அட்டையைத் தூக்கியிருக்கிறார்.

உம்முடைய மனிசன் தவறிய வருடம், வாசலில் இருந்தவர் உம்மைத் தாண்டிக் கையை நீட்டி, அட்டையை உம்முடைய மகனிடம் கொடுத்தார். திரும்பி வரும்போது என்னுடைய காரில் இருந்து அழுதீர்.

"பதினொரு வருஷம் ஊராற்ற வாசலில நிண்டு கத்தினனான். என்ர முறை வரேக்க வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிட்டன்."

"அடுத்த கூட்டத்தில பிரேரணை கொண்டு வருவம்," என்றேன்.

"நான் கொண்டு வந்தா, புருசன் இல்லாத கொதியில கத்துறாள் எண்டுவினம். நீர் பிரேரியும். நான் எழும்பி ஆமோதிக்கிறன்."

ஒரு வருடம் உம்முடைய வீட்டு மேசையில் இருந்து அந்த ஒரு வசனத்தை எழுதி எழுதி வெட்டினோம். வயது வந்த ஒவ்வொரு அங்கத்தவருக்கும் ஒரு வாக்கு. கூட்டத்தன்று நான் எழும்பி அதை வாசித்தேன். பக்கத்தில் மனிசன் இருமத் தொடங்கினார். "ஆமோதிக்க ஆரும் இருக்கினமோ?" என்று செயலாளர் கேட்டார்.

நீர் எனக்கு மூன்று கதிரை முன்னுக்கு இருந்தீர். கைப்பையைத் திறந்து கண்ணாடியைத் தேடினீர். கண்ணாடி உம்முடைய மூக்கில் இருந்தது. பின்வரிசைப் பெண்கள் எல்லாரும் உம்முடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நீர் எழும்பினால் தாங்களும் எழும்பலாம் என்று. நீர் பைக்குள் துழாவிக்கொண்டே இருந்தீர். செயலாளர் கார் நிறுத்துகிற விஷயத்துக்குப் போய்விட்டார். நான் இருக்கவும் தெரியாமல், அந்தத் தாளோடு நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு கிழமையில் சங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மகளிர் அணி என்று ஒன்று தொடங்குகிறார்களாம். தலைவி நீராம். நான் சிரித்த சிரிப்பில் மனிசன் பயந்துபோனார்.

அன்று பின்னேரம் நீரே போன் எடுத்தீர். "மகன் கெஞ்சிக் கேட்டவன், மானத்தை வாங்காதேங்கோ எண்டு. நான் இருக்கிறது அவன்ர வீடு. என்ன செய்யச் சொல்லுறீர்?"

உம்முடைய வசனமே என் நாக்கு நுனியில் நின்றது. போனை வைத்தேன். பிறகு இரண்டு வருடம், நீர் சாகும் மட்டும், எடுக்கவே இல்லை. உமக்கு இருந்த பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அந்த அண்ணன் வீட்டுக்காரிக்கும் அதே பயம்தானே இருந்தது? அவளை வெயிலில் இறக்கி நடத்திவிட்டு, உமக்கு மட்டும் நிழல் பார்த்தீரே. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உம்முடைய நினைவுக்கூட்டத்தில், பெண்ணுரிமைக்காகக் கடைசி வரை குரல் கொடுத்தவர் என்று தலைவர் உருகினார். நான் வடையைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

போன மாதம் பொதுக்கூட்டம் நடந்தது. போனேன். கார் நிறுத்துகிற விஷயத்துக்கு முன், ஒரு பெண் தாளோடு எழும்பினாள். உம்முடைய மருமகள். சிட்னி லிட்கமில் இருந்து கல்யாணம் முடித்து வந்தவள். உம்முடைய அந்தக் கூட்டத்தை அவள் கண்டதில்லை. ஆங்கிலமும் தமிழுமாக அவள் வாசித்தது நம்முடைய அதே வசனம். உம்முடைய அலுமாரிக்குள் இருந்ததாம். கிழிக்காமல் வைத்திருந்திருக்கிறீர், பாவி.

"ஆமோதிக்க ஆரும்?" என்று கேட்டார்கள். உம்முடைய வீட்டு ஆளுக்கு நான் எழும்புவதா என்று ஒரு நிமிஷம் குந்தியிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு எழும்பினேன். அவளுடைய பெயரைச் சொன்னேன். அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். பின்வரிசையில் கதிரைகள் கிறீச்சிட்டன. முதல் முறையாக அது வாக்குக்குப் போனது. தோற்றோம். அட்டைகள் ஆம்பிளைகளிடம்தானே. உம்முடைய மகனும் மனைவிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே எதிராகத் தூக்கினான்.

கார் நிற்கிற இடத்துக்கு அவள் பின்னால் ஓடி வந்தாள். "அன்ரி, அவர் என்னோட கதைக்கிறார் இல்லை. இனி அந்த வீட்டுக்குள்ள எப்பிடிப் போறது?"

"வீடு அவன்ர. வாய் உம்மட. போம்," என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆர் அன்ரி இதைச் சொன்னது?"

"உம்மட மாமி."

அவளுடைய முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மற்றதை அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் அதை உமக்கு எழுதுகிறேன்: அன்று நான் எழும்பினேன், நீர் கதிரையில் இருந்தீர்.