பாலிக்குப் போன ரைஸ் குக்கர்

ஒக்டோபர் 12, ஞாயிறு. இல்ஃபோர்ட், லண்டன்.

தேவாலயத்தில் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது இவர் எல்லோருக்கும் சொன்னார்: "பாலிச் சாப்பாடு வாயில வைக்கேலாது. உப்புமில்லை, உறைப்புமில்லை."

ஒரு வாய் தின்றுவிட்டுச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். இங்கிருந்து பாலித் தீவுக்கு ரைஸ் குக்கரும் மிளகாய்த்தூளும் சூட்கேசில் கொண்டுபோன மனிதர்! ஏழு நாளும் ஹோட்டல் அறைக்குள் சோறும் பருப்பும்தான். எதிர்க்கடையில் முழுப் பன்றிக்கு மஞ்சள் பூசி, வயிற்றுக்குள் மசாலா அடைத்துச் சுட்டார்கள். பாபி குலிங் என்று பெயர். மொறுமொறுத்த தோலை வெட்டும் சத்தம் எங்கள் பல்கனி வரை கேட்டது. வாழையிலையில் சுற்றி வேகவைத்த வாத்தும் இருந்தது.

"ஒருநாளாவது போய்ச் சாப்பிடுவமே?" என்று கேட்டேன்.

"உனக்கென்ன விசரே? வயித்துக்கு ஒத்துவராது."

கிறிஸ்மசுக்கு மூன்று தரம் பன்றிக்கறி போட்டுத் தின்கிற வயிறு!

என்னோடு பாடற்குழுவில் பாடும் மெற்றில்டா என் பக்கம் திரும்பினாள். "உண்மையே அக்கா? நாங்களும் டிசம்பரில போறம். குக்கர் கொண்டுபோகவோ?"

"ஓம், கொண்டுபோங்கோ" என்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இவரோடு நான் கதைக்கவில்லை. ஆனால் மெற்றில்டாவின் பயணத்தைக் கெடுத்தது இவரில்லை.