மதில் மேல் அப்பா

ஜூன் 8

அன்புள்ள பல்லுக்காரருக்கு,

நானும் வாண்டுவும் நலம். போனில் கேட்டால் "வரேன், வரேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் கேட்டால் காகிதத்தில் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்!

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை இடுப்பை ஒடிக்கிறது. ஆனாலும் நிரந்தர வேலை, குடியிருக்க வீடும் கொடுத்திருக்கிறார்கள், வேறென்ன வேண்டும்? நீங்கள் பல் செதுக்க வெளிச்சம் வேண்டுமே என்று ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டு வைத்தேன். இப்போது அதில் மடிக்காத துணி குவிந்து கிடக்கிறது. வேலைக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால்? சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது "இன்னிக்கும் வரலையாம்மா?" என்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். வாண்டுவுக்குப் பள்ளியில் மரபுத்தொடர் கொடுத்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். 'மதில் மேல் பூனை'க்கு உங்கள் மகள் எழுதியது: "எங்கள் அப்பா இங்கே வருவாரா, பெரியப்பாவோடு இருப்பாரா என்பது மதில் மேல் பூனையாக இருக்கிறது." டீச்சர் சரி போட்டு, 'மிக நன்று' என்று வேறு எழுதியிருக்கிறார். சிரிப்பதா அழுவதா தெரியாமல் கையெழுத்துப் போட்டேன்.

எப்போது வருகிறீர்கள்? தேதி எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி


ஜூன் 17

என் வாயாடிக்கு,

மானத்தை வாங்கிவிட்டாள் உன் மகள். என்னை வாரினால் அவள் உன் மகள்தான்.

பூனை மதில் மேல் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். இரண்டு பக்கமும் வேண்டியவர்கள் நின்று கூப்பிட்டால் அது என்னதான் செய்யும், சொல்?

அண்ணனுக்குக் கை நடுக்கம் கூடிவிட்டது. யாரிடமும் சொல்லாதே. போன வாரம் ஒரு பெரியவருக்கான பல் செட்டை மெழுகில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பல்லை வைத்தால் பக்கத்துப் பல் சாய்கிறது. கடைசியில் என் பக்கம் தள்ளிவிட்டு, "கண்ணு சரியா தெரியலடா, நீ பாரு" என்றார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்த கை அது. நான் கிளம்பினால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். அப்புறம் அந்த மனிதர் நாள் முழுக்க என்ன செய்வார்?

மெழுகில் இருக்கும்வரை எந்தப் பல்லையும் நகர்த்தி வைக்கலாம். வேகவைத்துக் கெட்டியாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பயம்தான் எனக்கு. இந்த மாதக் கடைசிக்குள் எப்படியும் அவரிடம் பேசிவிடுகிறேன்.

உன்
பல்லுக்காரன்


ஜூலை 5

அன்புள்ள பல்லுக்காரருக்கு,

வாண்டு மாடிப்படியில் விழுந்ததைப் போனில் சொன்னதும் அழுதீர்கள். அழுதால் பல் முளைக்குமா? மேல் வரிசை முன்பல் வேரோடு போய்விட்டது. மற்றபடி நன்றாக இருக்கிறாள். ஆனால் வாயைப் பொத்திக்கொண்டே பேசுகிறாள். எங்கள் ஆஸ்பத்திரிப் பல் டாக்டரிடம் போகலாம் என்றால், "அப்பாதான் வைக்கணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "எங்கப்பா செஞ்ச பல்லை யாராலும் கண்டுபிடிக்கவே முடியாது" என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்திருக்கிறாளாம்.

உங்கள் அண்ணனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன்! அது முடியாதென்றால் இரண்டே நாள் வந்து, அச்சு எடுத்து, பல்லை வைத்துவிட்டுத் திரும்பிப் போங்கள். நான் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டேன். வாருங்கள்.

உங்கள்
வாயாடி


ஜூலை 14

என் வாயாடிக்கு,

டிக்கெட் எடுக்கத் தெருமுனை வரை போய்விட்டேன், நம்பு. "மழை வரும்போல இருக்குடா" என்று பின்னாலேயே குடையோடு வந்தார் அண்ணன். வந்தவருக்கு அதை விரிக்க முடியவில்லை. விரிக்கப் பார்க்கிறார், பார்க்கிறார், கை ஒத்துழைக்கவில்லை. நான் வாங்கி விரித்தேன். அப்படியே இருவரும் திரும்பி வந்துவிட்டோம். இரண்டு பேருமே அங்கே உங்களோடு வந்து இருக்கலாமே என்று அன்றும் அவரிடம் கேட்டேன். "அங்க வந்து நான் சும்மா உட்கார்ந்து சுவத்தைப் பார்க்கவா?" என்கிறார்.

வாண்டுவின் பல்லுக்குக் கவலைப்படாதே. அவளை மடியில் உட்காரவைத்து விளையாட்டாக எடுத்த அச்சு என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதை வைத்தே பல்லைச் செய்துவிட்டேன். இத்தனை அழகாக ஒரு பல் நான் செய்ததே இல்லை. அண்ணன்கூடக் கையில் வாங்கிப் பார்த்து, "அடேங்கப்பா" என்றார். மேலண்ணத்தில் ஒட்டி நிற்கும் தட்டோடு பார்சலில் வருகிறது. தண்ணீரில் நனைத்து மெல்ல மேலே அழுத்தச் சொல். கச்சிதமாக உட்காரும்.

உன்
பல்லுக்காரன்


ஜூலை 24

அன்புள்ளவருக்கு,

பார்சல் வந்தது. ஆசை ஆசையாகப் பிரித்தாள். கண்ணாடி முன் நின்று வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை. தலையைச் சாய்த்து வைத்தாள், கட்டை விரலால் அழுத்தினாள், ஈறில் ரத்தம் வந்துவிட்டது. நான்தான் பிடுங்கி வைத்தேன்.

அது அவளுடைய ஏழு வயது அச்சுங்க. இப்போது அவளுக்குப் பதினொன்று. வாய் வளர்ந்துவிட்டது. பல் வைத்தே பிழைக்கிற மனிதருக்கு இது தோன்றவில்லையே என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் கோபம்கூட வரவில்லை. அவள் அழவில்லை. "அப்பாவுக்கு என் வாய் ஞாபகம் இருக்கும்மா. ஆனா சின்ன வாய்" என்றாள். மறுநாள் அவளே டாக்டரிடம் போகலாம் என்றாள். பல் வைத்தாயிற்று. நிறம்தான் கொஞ்சம் வேறு, சிரித்தால் தெரிகிறது.

இனி உங்களை மதில் மேல் பூனை என்று சொல்ல மாட்டேன். அது எந்தப் பக்கம் குதிக்குமோ என்று பார்க்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கையாவது இருக்கும். நீங்கள் அந்தப் பக்கம் குதித்து ரொம்ப நாளாகிவிட்டது. எங்களுக்கும் சொல்லவில்லை, உங்களுக்கே சொல்லிக்கொள்ளவுமில்லை. தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கையை விட்டுவிட்டு வருகிற ஆளாக இருந்திருந்தால் உங்களை எனக்குப் பிடித்திருக்குமோ என்னவோ.

அவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சாவியை நர்ஸம்மாவிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஜன்னலோர மேஜையில் இப்போது வாண்டு படிக்கிறாள்.

இப்படிக்கு,
வாண்டுவின் அம்மா


ஆகஸ்ட் 3

என் வாயாடிக்கு,

இன்று சொல்லிவிடுவது என்று அண்ணன் எதிரே போய் நின்றேன். நிமிர்ந்து "என்னடா?" என்றார். "பிளாஸ்டர் தீர்ந்துபோச்சு" என்றேன். "மூட்டை நிறைய இருக்கேடா" என்றார். ஆமாம், இருந்தது.

சிரித்தால் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். அது எனக்குத் தாங்கவில்லை. அங்கே யாரிடமாவது வாண்டுவுக்குப் புதிதாக ஒரு அச்சு எடுத்து அனுப்பு. வேறு பல் செய்துவிடுகிறேன். நிறத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு நானே வருகிறேன். மேஜையிலிருந்து அவளை எழுப்ப வேண்டாம், ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு தடவை சிரித்தால் போதும்.

அந்த ஒரு நாள் மட்டும் சாவியை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ. எந்த நாள் என்று பிறகு எழுதுகிறேன்.

உன்
பல்லுக்காரன்