மீசை வைத்த கொக்கிப்புழு

துலாம் மாசம் 9, வெள்ளி.

கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக உடம்புக்குள் ஏறுவதைக் காட்ட, இன்று ஆரியசாலை மைதானத்தில் எங்கள் சுகாதார இலாகாவின் சினிமா. நிஜப் புழு கண்ணுக்குத் தெரியாதாம். அதனால் படமாக வரைந்து ஓடவிட்டிருந்தார்கள். வரைந்த மகானுபாவன் அதற்கு மீசை வைத்திருந்தான்.

"ஒருக்கா கூடி காட்டுங்க சாரே!" என்று கத்தினார் மளிகைக்கடைச் செட்டியார்.

"பார்த்தேளா, எல்லாருக்கும் நன்னா மனசிலாயிடுத்து" என்று பூரித்தார் எங்கள் டாக்டர்.

என்னத்தை மனசிலாயிற்றோ! தொடக்கத்தில் திரையில் மகாராஜா தெரிந்ததுமே அத்தனை பேரும் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். கடைசிவரை மழைச்சேற்றில் வெறுங்காலோடு நின்றுதான் அந்தப் புழுவுக்குக் கைதட்டினார்கள். முன்வரிசையில் டாக்டரும் அப்படித்தான். பக்கத்தில் நின்று, வெறுங்காலோடு சேற்றில் நிற்காதீர்கள் என்று தமிழில் விளக்கிய நானும்தான்.

கால் அரிக்கிறது.