எந்தப் பக்கம் பதினெட்டு மீட்டர்?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் திடீரென்று எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் உறையைப் பிரிக்கவே யோசித்திருப்பேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்த ஊரில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? குழாய்ப் பிரிவுக்காரிக்கு வேறென்ன கேட்கத் தெரியும்!

நான் மேற்பார்வையாளர் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தேன். வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பு. நாற்பத்தொரு வயதில் பெஞ்சுக்குள் உடம்பை நுழைப்பதே பெரும்பாடு. ஆனால் அக்கா, கணக்கு இவ்வளவு சுவாரசியமானது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லவே இல்லை.

போன மாதம் வாத்தியார் ஓர் எண்ணுக்கு இரண்டு பக்கமும் நெட்டுக்கோடு போட்டு, இதற்கு மட்டு என்று பெயர் என்றார். கோட்டுக்குள் மைனஸ் ஐந்து போனாலும் வெளியே ஐந்துதான் வரும். தூரத்தைச் சொல்லும், திசையைச் சொல்லாது. ஒரு மட்டு மைனஸ் மூன்றுக்குச் சமம் என்று கரும்பலகையில் எழுதி, விடை கேட்டார். வகுப்பே மண்டையை உடைத்துக்கொண்டது. கடைசியில் பார்த்தால் அதற்குப் பதிலே கிடையாதாம்! தூரம் எப்படி மைனஸில் போகும்?

அடுத்த கணக்கு, |x − 7| = 3. நான் பத்து என்று எழுதிவிட்டு நோட்டை மூடினேன். "இன்னொண்ணு எங்கம்மா?" என்றார். நோட்டைத் திரும்பத் திறந்தேன். "ஏழுலேருந்து மூணு தள்ளின்னுதானே சொல்லியிருக்கு? அந்தப் பக்கமும் போய்ப் பாருங்க" என்றார். நாலு! அதுவும் சரிதான். எந்தப் பதில் நமக்கு வேண்டியது என்பதைக் கேள்விக்கு வெளியே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

அதற்கப்புறம் அன்று அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

மறுநாள் பதிவறையில் அந்தக் கிளினிக் தெருக் கோப்பைத் தேடி எடுத்தேன். இரண்டு வால்வுக்கும் இடையே நூறு மீட்டர். இரண்டிலும் கருவி வைத்தோமே, நினைவிருக்கிறதா? கசிவின் சத்தம் எதில் முதலில் கேட்கிறதோ அந்தப் பக்கம்தான் கசிவு; அதைக் குறித்துக்கொள்ள வேண்டியது என் வேலை. தாளில் என் கையெழுத்து: 'நடுவிலிருந்து 18 மீட்டர்.' எந்தப் பக்கம் என்று எழுதவில்லை அக்கா. மழை பிடித்துக்கொண்டது என்று அவசரமாக மடித்துக் கொடுத்துவிட்டேன்.

இன்ஜினியர் நடுவான ஐம்பதோடு பதினெட்டைக் கூட்டி, முதல் வால்விலிருந்து அறுபத்தெட்டாவது மீட்டரில் தோண்டச் சொன்னார். நீங்கள் கசிவு கேட்கும் கம்பியைத் தரையில் ஊன்றிக் காதை வைத்துவிட்டு, "இங்க சத்தமே இல்லையே" என்றீர்கள். மெஷின் பொய் சொல்லாது என்று இன்ஜினியர் போனிலேயே சத்தம் போட்டார். தோண்டினோம். மின்கம்பி அறுந்தது. கிளினிக் அரை நாள் இருட்டில் கிடந்தது. குழுத் தலைவி என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள். பழியும் உங்கள் தலையில் விழுந்தது; வேலையை விட்டு அந்த ஊருக்குப் போய்விட்டீர்கள். காதுக்காரிக்குக் காது போச்சு என்று கேன்டீனில் பேசினார்கள். நானும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

கோப்போடு நிற்காமல் பழுதுப் பதிவேட்டையும் புரட்டினேன். பதினோரு நாள் கழித்து வேறொரு குழு அதே குழாயில் கசிவை அடைத்திருக்கிறது. முப்பத்திரண்டாவது மீட்டரில். ஐம்பதிலிருந்து பதினெட்டைக் கழித்துப் பாருங்கள். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

இரண்டு நாள் இரண்டு பதிவையும் மாற்றி மாற்றிச் சரிபார்த்தேன். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் இன்ஜினியர் மேசையில் வைத்தேன். கோடு போட்டு, இரண்டு புள்ளியையும் குறித்துக் காட்டினேன். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். "நானும் கேக்கலயேம்மா, எந்தப் பக்கம்னு" என்றார். அப்புறம், "எழுதிக் கொடுப்பியா? உன் தேர்வுக்கு ஆபத்து வரும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அவரும் தன் பங்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

நேற்று உத்தரவு வந்தது. உங்கள் பணிப்பதிவேட்டில் இருந்த கரும்புள்ளியை நீக்கிவிட்டார்கள். நீங்கள் சம்மதித்தால் பழைய இடத்திலேயே வேலைக்குச் சேரலாம். நகலை இதோடு வைத்திருக்கிறேன். என்னை இந்த வருஷம் தேர்வு எழுத விடவில்லை, அது நியாயம்தான். வகுப்புக்கு மட்டும் விடாமல் போகிறேன். இப்போது இரண்டு மட்டு ஒரே கணக்கில் வருகிறது. தலை சுற்றுகிறது, ஆனால் விட மனசில்லை.

மன்னிப்பு என்ற சொல்லை நாலு தடவை எழுதி நாலு தடவையும் அடித்தேன். உங்களுக்கு என் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும். திட்டியாவது ஒரு கடிதம் போடுங்கள் அக்கா. வேலைக்கு வருவதும் வராததும் உங்கள் விருப்பம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த மழை நாளில் உங்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்ற,
உங்கள் தங்கச்சி