மலகாவில் ஏழும் சுமார்

நேற்று மாலை ஐந்து மணிக்கு, மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு, கத்தரிக்காய் பஜ்ஜியின் மேல் மொலாசஸ் ஊற்றுவது என்று தீர்மானித்தேன். எதிர்த்து ஒரு வாக்கு பதிவாயிற்று. அது என் மனைவியுடையது. "இதைத் திங்கறதுக்கா லாசால்ல வந்து குடியேறினோம்?" என்றாள். நியாயமான கேள்வி. இருந்தாலும் கோட்டை மாட்டிக்கொண்டு மொன்றியல் பனியில் இறங்கி, டெப்பனர் என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடையில் ஒரு டப்பா வாங்கி வந்தேன். சூடான பஜ்ஜியில் அந்தக் கரும்புப் பாகு விழுந்தபோது எழுந்த வாசனையில், நான்கு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதப் பகலில், ஸ்பெயினின் தென்கரையில், மலகா நகரத்துச் சந்து ஒன்றில் உம்மோடு நின்றுகொண்டிருந்தேன்.

பாசன மாநாட்டுக்கு நம்மைக் கூப்பிட்டிருந்தார்கள். மண்ணைப் பற்றிப் பேச நீர், தண்ணீரைப் பற்றிப் பேச நான். நாம் பேசியதை யாரும் கேட்டதாக நினைவில்லை. ஆனால் நீர் மலகாவுக்கு வந்தது மாநாட்டுக்காக அல்ல என்பது எனக்குத் தெரியும். மொன்றியலை அடுத்த சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மலகாக்காரர், வரைபடத் தாளில் உமக்கு ஒரு வழி போட்டுக் கொடுத்திருந்தார். சந்தையில் தொடங்கிக் கடற்கரையில் முடியும் வழி. இடையில் ஏழு இடங்கள், ஏழிலும் சைவர்கள் உண்ணத்தக்க ஒன்று. அந்த ஊரில் ஏழு தேறியதே அவருடைய கருணை. இரண்டு வருஷம் அந்தத் தாளைப் பர்ஸில் வைத்திருந்தீர். "வழிகாட்டிக்கு எதுக்கு ஓய் அழணும்? நமக்குக் கால் இருக்கு, படம் இருக்கு" என்பீர்.

பயணத்துக்கு முந்தைய மார்கழியில் கும்பகோணத்தில் உம் தாயார் காலமானார். மொன்றியலில் பனிப்புயல், மூன்று நாள் விமானம் கிளம்பவில்லை. நீர் ஊர் போய்ச் சேர்ந்தபோது தம்பி எல்லாவற்றையும் முடித்திருந்தார். மூத்த பிள்ளைக்குச் செய்ய மிச்சம் இருந்தது ஒன்றுதான்: ஒரு வருஷத்துக்குப் பிறர் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது. அதற்கு முன் எந்த நியமத்தையும் நீர் பெரிதாக மதித்து நான் பார்த்ததில்லை. இதை மட்டும் விடவில்லை. "கொள்ளிதான் போட முடியலை. இதையாவது பண்றேன்" என்றீர்.

அதற்காக மலகாவுக்கு ஒரு மின்சார அடுப்பும் அரிசியும் கொண்டுவந்தீர். கனடாவின் நூற்றுப்பத்து வோல்ட் அடுப்பை ஸ்பெயினின் இருநூற்றிருபதில் சொருகினோம். நான்கு வினாடி உயிரோடு இருந்தது. நம் இருவருக்கும் முனைவர் பட்டம் இருந்தது. அதன் பிறகு உம் ஆகாரம் பாலில் ஊறிய அவலும் ஆரஞ்சும்.

நடையைக் கைவிடலாம் என்றேன்.

"எதுக்கு? நடக்கப்படாதுன்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு? நீர் சாப்பிடும், நான் எழுதிக்கறேன். அடுத்த வருஷம் ஆத்துக்காரியையும் அழைச்சிண்டு வந்து ஒரு கை பார்க்கறேன்."

முதல் இடம் சந்தைக்குப் பின்னால். மாவை வளையமாகப் பிழிந்து எண்ணெயில் பொரித்துத் தந்தார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. நீர் ஒரு கையில் ஆரஞ்சும் மறுகையில் நோட்டுமாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்.

"எப்படி இருக்கு?"

"சுமார்."

"சுமார்னா? மெஸ் ரசம் சுமாரா, உம்ம ஆத்து ரசம் சுமாரா?"

"மெஸ்."

"அடப்பாவமே" என்று எழுதிக்கொண்டீர். உம் முகம் கொஞ்சம் இளகியது. என் கடமை என்னவென்று அப்போது எனக்கு விளங்கிற்று.

மூன்றாவது இடத்தில் பாதாமும் பூண்டும் அரைத்த வெள்ளைச் சாறு, ஜில்லென்று, மேலே திராட்சை மிதக்க. புளித்துப் போயிருக்கிறது என்றேன். நான்காவது இடத்தில் வறுத்த பாதாம். நமுத்துவிட்டது என்றேன். என் பல்லில் அது நொறுங்கிய சத்தம் உமக்குக் கேட்டிருக்க வேண்டும். மரியாதைக்காகக் கேளாதது போல இருந்தீர்.

ஐந்தாவதுதான் கத்தரிக்காய். மெல்லிய துண்டுகளாகப் பொரித்து, மேலே கரும்புப் பாகு. 'இறைச்சி, மீன், பன்றிக்கொழுப்பு உண்டா?' என்று ஸ்பானிஷில் எழுதிய உம் அட்டையை நீட்டினேன். கடைக்காரம்மாள் சிரித்துக்கொண்டே ஆலிவ் எண்ணெய் டின்னைத் தூக்கிக் காட்டினாள். நீர் சந்தில் நின்று, படத்தில் அடுத்த திருப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு தட்டோடு வந்தேன். வாசனை உமக்கு எட்டியது. நோட்டை மூடினீர். பென்சிலைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு முள்கரண்டியை எடுத்தீர்.

"ஒரே ஒரு துண்டு. அம்மா கோச்சுக்க மாட்டா."

அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் நீர் உம்மையே மன்னிக்க மாட்டீர்.

"வேண்டாம் ஓய். மீன் பொரிச்ச எண்ணெய்."

"அப்போ நீர்?"

"முழுங்கிட்டேன். இனிமே என்ன பண்றது?"

கரண்டியை வைத்துவிட்டீர். "பிராயச்சித்தம் நான் சொல்றேன், ரூமுக்கு வாரும்" என்று சிரித்தீர். பொய்க்கு வலு வேண்டுமே என்று மிச்சத் துண்டுகளைத் தட்டோடு திருப்பிக் கொடுத்தேன். என் வாழ்நாள் தியாகங்களில் அதற்கே முதலிடம். கடைக்காரம்மாள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மார்கழி வரை நீர் தவறவில்லை. தாயாரின் முதல் வருஷத் திதியான வருஷாப்தீகத்தன்று உம் வீட்டில் நீர் முழு மனிதராக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அந்தப் பொய்க்காக இன்றும் எனக்கு வருத்தமில்லை.

நீர் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் கழித்து, சென்ற மாதம், உம் மனைவி அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் போனதுலயே மட்டமான ஊர் இதுதானாமே?" என்றார். வரைபடத் தாள் உள்ளேயே மடித்திருக்கிறது. இப்போது என் மேஜையில் இருக்கிறது. நேற்று இரண்டாவது பஜ்ஜிக்குப் பிறகு பென்சிலை எடுத்து, உம் எழுத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். வளையம்: பிரமாதம். சாறு: இரண்டு கிண்ணம் குடித்திருப்பேன். பாதாம்: நொறுங்கியது. கத்தரிக்காய்: சுத்தமான ஆலிவ் எண்ணெய். லாசாலில் செய்தது அதற்குப் பக்கத்தில் வரவில்லை.

இதை உம்மிடமே சொல்லியிருக்கலாம். சந்தர்ப்பம் கிடைத்தது. நடைக்கு அடுத்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக்கு எங்கே போவது என்று பார்க்க அந்த நோட்டைப் பிரித்தீர். நான் எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் முள்கரண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். உம் மனைவி பக்கத்தில் இருந்தார்.

"ஏழு இடம், ஏழும் சுமார். இதுக்கு அட்லாண்டிக் தாண்டணுமா ஓய்?"

"உம்ம இஷ்டம்" என்றேன்.

அந்தக் கோடையில் நீங்கள் இருவரும் நயாகரா போனீர்கள். மூன்று நாளும் மழை.