அம்மாவுக்கு வாங்கிய கிளி

இராமேஸ்வரம்,
14.11.2025

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. அயர்லாந்தில் குளிர் தொடங்கியிருக்கும். நீ உடல்நலத்தோடும், மருத்துவமனை வேலையில் மனக்குறை இல்லாமலும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கு நான் நலம். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, வலக்கையால் டம்ளரைப் பிடித்துக் குடிக்கிறாள், நடையில் தள்ளாட்டம் குறைந்துவிட்டது. பேச்சைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். வாரந்தோறும் வீடியோவில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். இந்தச் செய்தியை வீட்டில் உரக்கச் சொல்ல முடியாது. அம்மா கேட்பாள் என்பது ஒரு காரணம், கிளி கேட்கும் என்பது மற்றொன்று. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பேசலாமென்றால் பணி நேரத்தில் சொந்தப் பேச்சு கூடாது என்பதை நீ அறிவாய். ஆகவே ஷிப்ட் முடிந்த பின் ஓய்வறையில் அமர்ந்து எழுதுகிறேன். வெளியே மழை, பாலத்தில் காற்று மிகுந்து வண்டியை மண்டபத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

கிளி வந்த கதையில் நீ பாதியைத்தான் அறிவாய். மார்ச்சில் பக்கவாதம் வந்ததிலிருந்து ஆட்கள் முன்னால் பேச அம்மா கூசுகிறாள், யாராவது வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். இராமநாதபுரத்தில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார்தான், சிரிக்காத ஏதாவது ஒன்றோடு பேசப் பழகட்டும், தினமும் அரை மணி நேரம் போதும் என்றார். அதன்பேரில் கிளி வாங்க முடிவு செய்தேன். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். ஆகையால் மதுரைக்குப் போய், சான்றுகளைச் சரிபார்த்து, சாம்பல் நிற மார்பு கொண்ட வெளிநாட்டுக் கிளியை வாங்கி வந்தேன். வந்த நாள் செப்டம்பர் ஆறு. அதைக் குடிவைக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் படித்துத்தான் செய்தேன். ஒரு பக்கம் சுவர் இருந்தால் பயம் குறையும் என்பதால் கூடத்து மூலையில் கூண்டை மாட்டினேன், தாளிக்கிற புகை ஆகாது என்று அடுப்படிக் கதவைச் சாத்தச் சொன்னேன், கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும் என்று காலையும் மாலையும் உலர்ந்த துணியால் துடைத்தேன், மாலை ஆறு மணிக்குக் கூண்டைப் போர்த்தினேன். ஆனாலும் எட்டு நாள் அது சரியாகத் தின்னவில்லை, மார்புச் சிறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டது. ஒன்பதாம் நாள் நான் பணிக்குப் போயிருந்தபோது அம்மா கொய்யாத் துண்டைக் கம்பிக்குள் நீட்டியிருக்கிறாள், வாங்கித் தின்றிருக்கிறது. நான் வந்ததும் அம்மா கூண்டைக் காட்டி, மணி என்றாள். ஆறு மாதத்தில் அவளாகச் சொன்ன முதல் சொல் அது, கிளிக்குப் பெயரும் அதுவே ஆயிற்று. இதுவரை நீ அறிந்தது.

இனி நீ அறியாதது. மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, தேதி, சொல், சரி, தவறு என்று நான்கு பத்திகள் பிரித்தேன். காலை எட்டு மணிக்கு அம்மா கிளியின் முன் அமர வேண்டும், நான் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். என் வேலையின் வழக்கம் உனக்குத் தெரியும். கேட் கீப்பருக்குப் போனில் ஒரு எண்ணைச் சொன்னால் அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், ஓர் இலக்கம் பிசகினாலும் முதலிலிருந்து சொல்லச் சொல்வோம், அப்படிச் சொல்லாமல் விட்டால் உயிர் போகும். இருபத்தாறு வருடமாக அப்படிப் பேசிய நாக்கு எனக்கு. அம்மா ஒரு சொல்லைப் பாதியில் விட்டாலோ, எழுத்து மாறி வந்தாலோ, "தப்பு. திரும்பச் சொல்லு" என்பேன். கடுமையாகச் சொன்னதில்லை, குரலை உயர்த்தவே இல்லை. ஒரு மாதத்தில் பதினைந்து சொற்கள் சரி என்ற பத்தியில் ஏறியிருந்தன. தவறுகளின் எண்ணிக்கையை உனக்கு எழுத மாட்டேன்.

தீபாவளியன்று விடியற்காலையில் தெருவில் சரவெடி வெடித்ததும் மணி மிரண்டு கூண்டில் மோதிக்கொண்டது. அம்மா எண்ணெய்த் தலையோடு ஓடிவந்து கையை உள்ளே விட்டு, பயப்படாதே என்று சொல்ல முயன்றாள். பய, பய என்று இரண்டு முறை வந்தது, மேற்கொண்டு வரவில்லை. அப்போது கிளி என் குரலிலேயே, நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, "தப்பு. திரும்பச் சொல்லு" என்றது. வந்து நாற்பத்து நான்கு நாள் வாய் திறக்காமல் இருந்த கிளி. நான் கதவருகில் நின்றிருந்தேன். அம்மா கையை எடுத்தாள், கூண்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள், துணியைப் போர்த்திவிட்டுப் போய்க் குளித்தாள். அன்றிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை. வீடியோவில் உன்னைப் பார்த்து அவள் தலையை மட்டும் ஆட்டுவது தொண்டைக்கட்டால் என்று நான் சொன்னது பொய். மன்னித்துக்கொள்.

கிளிக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது. நான் போனால் சொல்வதில்லை, சமையலுக்கு வரும் மாரியூர்க்காரி சோணையம்மாள் போனாலும் சொல்வதில்லை. அம்மா கூடத்துக்கு வந்தால் மட்டும் கழுத்தை நீட்டி ஆசையோடு சொல்கிறது. அவளைக் கண்டால் சொல்ல வேண்டிய முகமன் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சோணையம்மாள் மீன் அலசிக்கொண்டே, "நீங்க டூட்டிக்குப் போனாலும் வீட்லதேன் இருக்கீக அய்யா" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் பயிற்சி அம்மையாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர், பேசச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னேன், திருத்தச் சொல்லவில்லையே சார் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை கிளியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதென்று கடைக்காரரிடம் பேசி முடித்து, கூண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். கூண்டை என்னிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கி, வலக்கை நடுங்க நடுங்கப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். பிறகு மேசையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து, காலியாக இருந்த என் கையில் வைத்தாள். போகட்டும் என்று அவள் நினைத்தது எது என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த நோட்டு இப்போது ஸ்டேஷன் லாக்கரில் இருக்கிறது.

கிளி கற்றதை அழிக்க வழி கிடையாது, அந்தச் சொல் காதில் விழாமல் வேறு பேச்சு விழுந்துகொண்டே இருந்தால் மாதக்கணக்கில் மங்கலாம், மங்காமலும் போகலாம் என்கிறார் கால்நடை மருத்துவர். நான் என் நாற்காலியை வராந்தாவுக்கு மாற்றிவிட்டேன், கூடத்தில் பேசுவதில்லை. அம்மா துணியை விலக்கிவிட்டுக் கிளியின் முன் அமர்கிறாள். நேற்று ஜன்னல் வழியே பார்த்தேன், உதடு அசைந்தது, சத்தம் இருந்ததா என்று மழையில் தெரியவில்லை. ஒன்று கேட்க வேண்டும் என்று நெடுநாளாக இருந்தது. ஆறாம் வகுப்பில் நீ என் முன்னால் சத்தமாகப் படிப்பதை நிறுத்தினாய், பெரிய பெண்ணாகிவிட்டாய் என்று நான் பெருமைப்பட்டேன். காரணம் அதுதானா என்று நீ பதில் எழுத வேண்டியதில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, இரவுப் பணி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே. இராமநாதசுவாமி உன்னைக் கைவிடாமல் காப்பார், உனக்கு எல்லாம் நல்லபடியாக அமையும். செய்ய வேண்டியது இது ஒன்றுதான். உன் குரலைப் பதிவு செய்து அம்மாவுடைய போனுக்கு அனுப்பு, பத்து நிமிடமோ அரை மணியோ. பாடம் எதுவும் வேண்டாம். என்ன சமைத்தாய், யார் சிரித்தார்கள், பஸ்ஸில் என்ன நடந்தது என்று வாய்க்கு வந்தபடி பேசு, தடுமாறினால் தடுமாறியபடியே இருக்கட்டும், அழித்துவிட்டு மறுபடி பேசாதே. ஞாயிறு அழைப்பில் அம்மா ஏதேனும் சொல்லத் தொடங்கினால் அந்தச் சொல்லை நீ முடித்துக் கொடுக்காதே, எத்தனை நேரமானாலும் காத்திரு. அப்பா எங்கே என்று கேட்காதே. நான் வராந்தாவில் இருப்பேன்.

உன் நலம் நாடும்
அப்பா,
கி. தர்மராஜ்